சுத்தமான லாக்கும் ஈரமான சாலையும்

பதினோரு வருடம் கார் இஞ்சின் ட்யூனிங் வேலையில் இருந்தேன். அதில் பத்து வருடத்துக்கும் மேலாக, முன்சக்கரம் வழுக்கிச் சுற்றுவதை ஒரு தொந்தரவு என்றே நினைத்திருந்தேன். இஞ்சினை அளவெடுக்கும்போது குறுக்கே வந்து விழுகிற குப்பை, அவ்வளவுதான். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் இன்று அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இஞ்சின் கம்ப்யூட்டருக்கு மேப் எழுதுவது எப்படி என்று உங்களுக்குக் கடையில் காட்டுவார்கள். உங்களில் இருவருக்கு என்னைவிட நன்றாகவே வரும் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். நான் சொல்ல வருவது, எண்களெல்லாம் சரியாக இருக்கும்போதும் தப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பதை. அதை நான் கற்றுக்கொண்ட விலை கொஞ்சம் அதிகம். உங்களுக்கு அது இல்லாமலே கிடைக்கட்டும்.

முதலில் நான் சரியாகச் செய்த ஒன்று. நானும் வேலை தெரிந்தவள்தான் என்று நீங்கள் நம்பினால்தான் மீதியைக் கேட்பீர்கள்.

ஆரம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நெல் பயிரிடுகிற குடும்பம். டர்போ கார் வாங்கி, வேறு எங்கோ ட்யூன் செய்திருந்தார்.

"கிளட்ச் நழுவுது மேடம். ரெண்டு தபா மாத்திட்டேன். இன்னும் நழுவிக்கினேதான் கீது."

"எப்போ நழுவுது?"

"ரெண்டாவது கியர்ல மிதிச்சா முள்ளு சர்ருனு ஏறுது. வண்டி ஏற மாட்டேங்குது."

"நேராப் போகும்போதா, திரும்பும்போதா?"

யோசித்தார். "திரும்பறப்போ ஜாஸ்தி."

கிளட்ச்சுக்கு வண்டி திரும்புகிறதா நேராகப் போகிறதா என்பது தெரியாது. சக்கரத்துக்குத்தான் தெரியும். அவரையே ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, முன்சக்கரங்களின் வேகத்தையும் பின்சக்கரங்களின் வேகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தேன். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்சக்கரம் சும்மா கூடவே உருளும். அது காட்டுகிற வேகம்தான் சாலையின் உண்மையான வேகம். அவர் மிதித்தபோது பின்சக்கரம் நாற்பது காட்டியது. உள்பக்கத்து முன்சக்கரம் அறுபத்தைந்து காட்டியது. கிளட்ச் கெட்டியாகப் பிடித்திருந்தது. தரையைப் பிடிக்காதது டயர்தான்.

"அப்போ நான் மாத்தின ரெண்டு கிளட்ச்சும் நல்ல கிளட்ச்சா?"

"நல்லதுதான் சார்."

"பழச எடைக்குப் போட்டுட்டனே மேடம்," என்றார். அவருக்கு அந்த வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

அந்தக் கதையை நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பின்சக்கரத்தைப் பார், அது பொய் சொல்லாது என்று. இவ்வளவு தெரிந்தவள் எப்படி அடுத்த தப்பைச் செய்தாள் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

நம் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போது இல்லை. ட்யூனிங்குக்கு வரும் வண்டியின் முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு, நாங்கள் வைத்திருந்த டெஸ்ட் ஜோடியை மாட்டுவோம். மிருதுவான ரப்பர், நல்ல அகலம், காய்ந்த தாரில் பசை போல ஒட்டும். ஏன் மாட்டினோம் என்றால், சக்கரம் வழுக்கிச் சுற்றினால் லாக், அதாவது ஓட்டத்தில் கணினி எழுதும் பதிவு, கெட்டுப்போகும். இஞ்சின் வேகம் திடீரென்று எகிறும், கோடு கோணலாகும், எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள் என்று படிக்க முடியாது. டெஸ்ட் ஜோடி போட்டால் கோடு வழவழவென்று வரும். மதியம் இரண்டு மணிக்கு, தார் கொதிக்கும்போது, தொழிற்பேட்டையின் பின்பக்கத்து நேர்ச்சாலையில் மூன்று ஓட்டம். லாக் சுத்தம். வாடிக்கையாளரின் சொந்த டயரைத் திரும்ப மாட்டிக் கையில் சாவியைக் கொடுத்துவிடுவோம்.

எளாவூர் போகும் வழியில் ஒரு பெண்மணி டயர் கடை வைத்திருந்தார். பஞ்சர், அலைன்மென்ட், பழைய டயர் வியாபாரம். நாங்கள் வண்டிகளை அலைன்மென்டுக்கு அங்கேதான் அனுப்புவோம். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் டெஸ்ட் ஜோடியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் மேடம், பரீட்சைக்கு ஒரு டயரு, ஊட்டுக்கு ஒரு டயரா?"

"லாக் நல்லா வரணும் இல்லையா."

"லாக்கு நல்லா வந்துடும். வண்டி நல்லா வருமா?" என்றார். அப்புறம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் முன்டயரைத் தூக்கிக் காட்டினார். ஓரம் மொட்டையாக இருந்தது. "உங்க கிட்ட வந்துட்டுப் போற வண்டி எல்லாம் இப்டிதான் வருது. பின்னாடி டயரு புது மாப்ள மாதிரி கீது. முன்னாடி கெழவனாட்டம் கீது."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். டயர் விற்கிறவர், டயரைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். என் வேலையில் எனக்கு ஒரே ஒரு கேள்வியில் பாடம் சொன்னவர் அவர்தான். நான் அன்று பாடம் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அந்தத் தப்பு. இதைக் கவனமாகப் படியுங்கள்.

ட்ராக்ஷன் கன்ட்ரோல் என்பது இஞ்சினுக்குள் இல்லை, பிரேக் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சக்கரம் வழுக்கினால் அது இஞ்சினிடம், "இப்போது எவ்வளவு டார்க், எவ்வளவு முறுக்குவிசை கொடுக்கிறாய்?" என்று கேட்கும். இஞ்சின் நூறு என்று சொன்னால், "நாற்பதுக்கு இறங்கு" என்று சொல்லும். இஞ்சின் இறங்கும். சக்கரம் தரையைப் பிடிக்கும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் கவனிக்கக்கூட மாட்டார்.

ஆனால் ட்யூன் செய்த இஞ்சின் கம்பெனி கொடுத்ததைவிட அதிகம் கொடுக்கிறது. அந்த அதிகத்தை அது உண்மையாகச் சொன்னால், கம்பெனி வைத்த வரம்புகள் ஒவ்வொன்றாக வந்து தடுக்கும். முறையாகச் செய்தால் முழு டார்க் அட்டவணையையும் அளந்து புதிதாக எழுத வேண்டும். இரண்டு வாரம் ஆகும். குறுக்குவழி ஒன்று உண்டு. இஞ்சின் நூறு கொடுக்கட்டும், ஆனால் எழுபது என்று சொல்லட்டும். வரம்பு எதுவும் விழிக்காது. பவர் முழுதாக வரும். வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். சுற்று வட்டாரத்தில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன்.

அந்தப் பொய்யை யாராவது கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ட்ராக்ஷன் கன்ட்ரோல் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அது கேட்க வேண்டுமென்றால் சக்கரம் வழுக்க வேண்டும். எங்கள் டெஸ்ட் ஜோடியில் சக்கரம் வழுக்கவே வழுக்காது. ஒருவரிடம் பொய் சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறக்காத இடமாகப் பார்த்துச் சோதித்தோம். அந்தப் பொய் ஈரத்தில் என்ன செய்யும் என்பது எனக்கே அன்று தெரியாது என்பதுதான் வேடிக்கை. சுத்தமான லாக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

என் மகள் கவிதா. தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். எங்கள் வீடு ஊத்துக்கோட்டைப் பக்கம். அவள் சம்பளத்தில் பழைய டர்போ ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினாள். வாங்கிய நாளிலிருந்து, "ம்மா, ஊருக்கெல்லாம் போட்றே, எனக்குப் போட மாட்டியா" என்று நச்சரிப்பு. போட்டேன். மற்றவர்களுக்குப் போடுவதைவிட ஒரு படி குறைத்து, ஜாக்கிரதையாகப் போட்டதாக நினைத்துக்கொண்டேன். குறைத்தது பவரை. பொய்யைக் குறைக்கவில்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு நாள், பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு, எளாவூரிலிருந்து ஒரு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் ட்யூன் செய்த வண்டி. ஓட்டியவர் லாரி ஏஜென்ட். அடி எதுவும் இல்லை. சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது வண்டி திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்பில் முட்டியிருந்தது.

"இன்னா மேடம் போட்டீங்க இதுல," என்றார். கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஸ்டீரிங்க திருப்பிகினே கீறேன், அது பாட்டுக்கு நேராப் போயிக்கினே கீது."

நம் ஓனர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் காதருகே வந்தார். "மழைல மிதிச்சிருப்பாருக்கா. நீ ஒண்ணும் பேசாதே. நம்ம லாக்கு சுத்தமா கீது."

நான் ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மஞ்சள் விளக்கு மின்னுச்சா சார்?"

"மின்னிகினேதான் இருந்துச்சு. மின்னுச்சே தவிர பிடிக்கல."

மின்னினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். வேலை செய்தும் பிடிக்கவில்லை என்றால் அது கேட்டது கிடைக்கவில்லை. கணினியை மாட்டி, வண்டி கடைசியாகப் பதிந்து வைத்திருந்ததை எடுத்தேன். ட்ராக்ஷன் கன்ட்ரோல் நாற்பது கேட்டிருந்தது. இஞ்சின், "நாற்பது கொடுத்துவிட்டேன்" என்று பதில் சொல்லியிருந்தது. உள்ளே போன காற்றின் அளவைப் பார்த்தால் அது நாற்பது இல்லை, கிட்டத்தட்ட அறுபது. முன்சக்கரம் நிற்காமல் சுற்றியிருக்கிறது. வழுக்கிச் சுற்றுகிற சக்கரம் வண்டியைத் திருப்பாது.

இவ்வளவும் புரிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு அடுத்து என் மண்டையில் வந்தது, அந்த மேப்புக்கும் கவிதா வண்டியின் மேப்புக்கும் அடிப்படை ஒன்று என்பது. மணி மூன்று இருபது. அவளுக்கு ஷிப்ட் மூன்றுக்கு முடியும். வெளியே மழை.

அவள் வரும் பாதை எனக்கு மனப்பாடம். வழியில் ஒரு ஏரிக்கரை வளைவு. ஏரியில் மண் எடுக்கிற டிப்பர்கள் அங்கேதான் சாலையில் ஏறும். அவற்றின் டயரில் ஒட்டி வந்த களிமண் தாரின் மேல் படிந்திருக்கும். காய்ந்தால் தூசி, முதல் மழைக்கு அப்பளமாவு. கவிதா அந்த வளைவில் எப்போதும் இரண்டாவது கியருக்கு இறங்கி, பாதி வளைவிலேயே மிதித்து வெளியே வருவாள். டர்போ அங்கேதான் விழிக்கும். அவளுக்கு அது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், நான்தான் பழக்கினேன்.

போனை எடுத்து அவள் பெயரை அழுத்தினேன். ஒருமுறை அடித்ததும் துண்டித்தேன். அம்மா அழைத்தால் அவள் குனிந்து போனைத் தேடுவாள். ஈரச்சாலையில் நான் அவளுக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் அவளை அழைப்பதுதான். ஆனால் ஒருமுறை அடித்துவிட்டது. அவளே திரும்பக் கூப்பிடக் கையை நீட்டுவாளோ என்று இன்னொரு பயம்.

தினமும் அவளுடன் வண்டியில் வருகிற பையன் ஜெபா. அவளுடைய லைனில் வேலை செய்கிறவன், எங்கள் ஊருக்கு முந்தைய ஊரில் இறங்குவான். அவன் எண் என்னிடம் இருந்தது. அவனை அழைத்தேன்.

எடுத்ததும், நான் பேசுவதற்கு முன்னாலேயே, "ஆன்ட்டி, லிப்ட்டுதான் ஆன்ட்டி. வேற ஒண்ணும் இல்ல ஆன்ட்டி," என்றான்.

"தெரியும்பா. எங்க கீறீங்க?"

"ரைஸ்மில்லு தாண்டிட்டோம்."

ரைஸ்மில்லிலிருந்து ஏரிக்கரை வளைவுக்கு அதிகம் போனால் மூன்று நிமிடம்.

இங்கேதான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். இந்த வேலையில் நீங்கள் ஒருநாள் இப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள், உங்கள் மகளாக இல்லாமல் இருக்கலாம். தெரிந்தது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வாய் துடிக்கும். உடனே நிறுத்தச் சொல்லலாமா? அந்த இடத்தில் ஓரம் முழுக்கச் சேறு, பின்னால் லாரிகள். மெதுவாகப் போகச் சொல்லலாமா? மெதுவாகப் போனால் அவள் இரண்டாவது கியருக்கு இறங்குவாள், வேண்டாத இடத்துக்கே போய்ச் சேருவாள். உன் ட்ராக்ஷன் கன்ட்ரோலை நம்பாதே என்று சொல்லலாமா? பயந்து பிரேக்கை அழுத்துவாள். அத்துடன், நான் சொல்வது இன்னொருவர் வாய் வழியாகப் போக வேண்டும். ஒரு வாக்கியம்தான் முழுதாகப் போய்ச் சேரும்.

மூன்றாவது கியரில் இருந்தால், அந்த வேகத்தில் டர்போ தூங்கும். தூங்குகிற இஞ்சின் சக்கரத்தைச் சுற்றவைக்காது. பொய் சொன்னாலும் சின்னப் பொய்.

"ஜெபா, போனை அவ கிட்ட குடுக்காத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. மூணாவது கியரை விட்டு இறங்கவே கூடாதுன்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

அவன் சொல்வது கேட்டது. கவிதாவின் குரல் தூரத்தில் கேட்டது. "வளைவுல மூணுல போனா முக்கும்னு சொல்லு."

"முக்கட்டும்னு சொல்லு."

"முக்கட்டுமாம்."

"ஏனாம்?"

"அப்புறம் சொல்றேன்னு சொல்லு."

"அப்புறம் சொல்வாங்களாம். ஆன்ட்டி, மூஞ்ச ஒரு மாதிரி வச்சிகினு ஓட்டறா ஆன்ட்டி."

"பரவால்ல. போனை வைக்காத."

இஞ்சின் சத்தம் கனமாக, இழுக்க முடியாமல் முனகுவது போல மாறியது. சொன்னபடி செய்கிறாள். நான் மூச்சு விட்டேன். அப்போது ஜெபா, "டிப்பர் ஏறுது ஆன்ட்டி," என்றான். குரலில் வேடிக்கை போய்விட்டது. ஏரியிலிருந்து ஒரு லாரி சாலையில் ஏறியிருக்கிறது. அவள் அதை ஒதுக்கிப் போக ஸ்டீரிங்கை ஒடித்து, பழக்கத்தில் ஆக்சிலரேட்டரையும் மிதித்திருக்கிறாள்.

"லைட்டு மின்னுது ஆன்ட்டி. மஞ்சள் லைட்டு..."

"கால எடுக்கச் சொல்லு. பிரேக் வேண்டாம். கால மட்டும்."

"காலு எடு. காலு எடு கவிதா, பிரேக்கு வேணாம்..."

அதற்கப்புறம் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஒரு மூட்டையைத் தரையில் போட்டது போல. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் பத்து விநாடி என்று ஜெபா சொல்வான். நான் இப்போதும் சில நாள் அந்தப் பத்து விநாடிக்குள்தான் இருக்கிறேன். இதை எழுதுகிறபோதுகூட இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"ஆன்ட்டி, நாக்க கடிச்சிகினேன்," என்று ஜெபா பேசினான். "அவ நல்லாதான் கீறா. மண்ணுக் குவியல்ல ஏறி நிக்குது வண்டி."

கடையின் பழைய வேனை எடுத்துக்கொண்டு போனேன். எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. மெதுவாக ஓட்டினேன் என்பது மட்டும் நிச்சயம். சாலையோரம் கொட்டி வைத்திருந்த ஏரிமண்ணில் கார் இடது முன்சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. பம்பர் உடைந்திருந்தது. இரண்டு கை தள்ளி மதகு. இரண்டாவது கியரில் வந்திருந்தால் மண்குவியல் நிறுத்தியிருக்காது.

கவிதா மழையில் நனைந்துகொண்டே நின்றாள். ஜெபா தன் சாப்பாட்டுப் பையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் தள்ளிவிட்டாள், அவன் மறுபடி பிடித்தான்.

"ம்மா. லைட்டு மின்னுச்சு. ஏன் பிடிக்கல?"

சொன்னேன். இஞ்சின் குறைத்துச் சொல்கிறது, அதனால் கேட்டது கிடைக்கவில்லை என்று. அவளுக்குப் புரிந்தது. தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவள், அளவுகோலே தப்பு என்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

"யாரு போட்ட மேப்பு? கடையில போட்டதா, நீ போட்டதா?"

கடையில் போட்டது என்று சொல்லியிருந்தால் அது முழுப் பொய் ஆகாது. அடிப்படைக் கோப்பு கடையுடையது, வழக்கம் கடையுடையது, டயர் கடையுடையது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"நான் போட்டது," என்றேன்.

"தெரிஞ்சா?"

"தெரியாது. தெரிஞ்சிருக்கணும்."

அவள் சாவியை என் கையில் வைத்தாள். அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோவை ஜெபா கை காட்டி நிறுத்தினான். இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் காலை, நாஷ்டா சாப்பிடாமல் கடைக்குப் போய், அந்தக் குறுக்குவழியில் நான் எழுதிய வண்டிகளை எண்ணினேன். பத்தொன்பது. ஓனரிடம் சொன்னேன், எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று.

"அக்கா, வேணாம்க்கா. ஒவ்வொருத்தரா சர்வீஸுக்கு வர்றப்போ கமுக்கமா மாத்திக் குடுத்துடலாம். இப்ப சொன்னா பேஜாராயிடும். குரூப்ல போட்டுக் கிழிச்சிடுவானுங்க."

"அடுத்த சர்வீஸ் வரைக்கும் மழை நிக்குமா?"

"நீ பயந்துகினு கீறே. அதான் இப்டி பேசறே."

"ஆமாம், பயந்துதான் இருக்கேன். கடைப் பேர் வேண்டாம், என் பேர்லயே பேசறேன்."

அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். "உன் பேர்ல பேசினா கடைக்கு இன்னா மரியாத. கடைப் போன்லயே பேசு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பேசினேன். முதல் இரண்டு பேரிடம் சுற்றி வளைத்தேன், வணக்கம் சார், வண்டி எப்படி இருக்கிறது என்று. அவர்கள் ஏதோ சலுகை விற்கிறேன் என்று நினைத்தார்கள். மூன்றாவது ஆளிலிருந்து முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்: "உங்கள் வண்டியில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், மழையில் சக்கரம் வழுக்கினால் பிடிக்காது, சரிசெய்யும் வரை இரண்டாவது கியரில் அழுத்தி மிதிக்காதீர்கள்." தப்பைச் சொல்லும்போது முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது கேட்கிறவர் மனம் வேறு எங்கோ போய்விடும்.

திட்டினார்கள். ஒருவர் தெலுங்கில் திட்டினார், முழுவதும் புரியாதது நல்லதாகப் போயிற்று. ஒருவர் மட்டும், "சரி பண்ணா பவர் கம்மியாவுமா?" என்று கேட்டார்.

"ஈரத்துல கம்மியாகும் சார்."

"அப்ப எனக்கு வேணாம்."

"உங்க வண்டியில யார் யார் சார் போவாங்க?"

"நாளைக்கு எடுத்தாறேன்," என்றார்.

இரண்டு வாரம் எடுத்து டார்க் அட்டவணையை முறையாக அளந்தேன். நூறு கொடுத்தால் நூறு என்று சொல்லும்படி. வரம்புகள் வந்து தடுத்தன, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் போய் மாற்றி எழுதிச் சரிசெய்தேன். அலுப்பான வேலை, அதை விவரிக்கப் போவதில்லை. சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டெஸ்ட் ஜோடியை அந்த டயர் கடைக்காரம்மாவிடமே கொடுத்துவிட்டேன். தொழிற்பேட்டையின் பின்பக்கத்தில் கட்டடம் எழும்பாத மனைகளுக்கு நடுவே ஒரு வளைவுச் சாலை இருக்கிறது. தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்து அதை நனைத்தோம். மேலே கொஞ்சம் ஏரிமண்ணும் தூவினோம். ஒவ்வொரு வண்டியும் அதன் சொந்த டயரில், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதே டயரில், அந்த வளைவில் இரண்டாவது கியரில் மிதித்துப் போக வேண்டும். லாக் கண்றாவியாக வரும். அந்தக் கண்றாவியைத்தான் நாங்கள் படித்தோம். சக்கரம் எப்போது சுற்ற ஆரம்பித்தது, எத்தனை நொடியில் அடங்கியது என்று. இன்று நீங்கள் செய்கிற ஈரச் சோதனை இப்படி வந்ததுதான். யாராவது அவசரத்தில் அதைத் தாண்டச் சொன்னால், ஓனரே சொன்னாலும், தாண்டாதீர்கள். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பத்தொன்பதில் கடைசி வண்டி கவிதாவுடையது. நான் வேண்டுமென்று கடைசியாக வைக்கவில்லை; சாவி என்னிடம்தான் இருந்தது, அவள் சொல்லாமல் எடுத்துவர எனக்கு மனம் வரவில்லை. பம்பர் மாற்றி வீட்டில் நின்றிருந்தது. அவள் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வேலைக்குப் போய்வந்தாள். என்னிடம் பேசினாள், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற அளவில். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வேலையில் எத்தனை வருடம் இருந்தேன், எத்தனை வண்டி நல்லபடியாகச் செய்தேன் என்பதெல்லாம் அவளிடம் சொல்லிப் பயனில்லை. அவள் ஒருமுறை நான் சொன்னதை நம்பித்தான் அந்த வண்டியில் ஏறினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே, "சரி பண்ணிட்டியா மத்ததெல்லாம்?" என்று கேட்டாள்.

"பண்ணிட்டேன்."

"என்னுதையும் பண்ணு. ஆனா டெஸ்ட்டுல நான் ஓட்டுவேன்."

ஓட்ட விடலாமா கூடாதா என்று நான் யோசிக்கவில்லை. சரி என்றேன்.

தண்ணீர் லாரி வந்தது. சாலை நனைந்தது. ஓனர் ஓரத்தில் நின்று மண் தூவினார். கவிதா ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில். கணினி என் மடியில் இருந்தது. முதல் ஓட்டத்தில் அவள் மெதுவாகத்தான் போனாள். இரண்டாவதில் வளைவின் பாதியில் மிதித்தாள். மஞ்சள் விளக்கு மின்னியது. இஞ்சின் சட்டென்று அடங்கியது, ஈரத்துணி போட்டு அமுக்கினது போல. வண்டி வளைவில் திரும்பி, எதுவும் நடக்காதது போல வெளியே வந்தது.

"சப்புனு கீது," என்றாள்.

"ஈரத்துல அப்படித்தான் இருக்கணும்."

மூன்றாவது முறை இன்னும் சீக்கிரம் மிதித்தாள். பிடித்தது. நான்காவது முறை நான் எந்த வாடிக்கையாளர் வண்டியிலும் மிதிக்கத் துணியாத இடத்தில் மிதித்தாள். என் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை அழுத்தியது. வண்டி ஒருமுறை தயங்கி, பிடித்துக்கொண்டு திரும்பியது. நான் மடியில் இருந்த எண்களைப் பார்த்தேன். நாற்பது கேட்டிருந்தது, நாற்பது கிடைத்திருந்தது.

"சரியா இருக்கும்மா. போதும்," என்றேன்.

"உனக்குப் போதும். எனக்கு இன்னும் பாக்கணும்," என்று சொல்லி அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வளைவின் தொடக்கத்துக்குப் போனாள்.

பத்தொன்பதும் சரியான பிறகு, இன்னொரு மேப்பில் கையெழுத்துப் போட மனம் வராமல், அந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து விலகினேன். யாரும் போகச் சொல்லவில்லை, மரியாதையோடுதான் வழியனுப்பினார்கள். உங்களிடம் வாடிக்கையாளர் யாராவது வந்து நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் மனம் சுணங்காதீர்கள். சாவியைக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை முறை கேட்கிறாரோ அத்தனை முறை.

அந்தச் சோதனை நாளில் கவிதா அந்த வளைவில் பதினோரு முறை போனாள். ஏழாவது முறைக்கு மேல் நான் கணினியை மூடிவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.